ஹீலியம் பலூனா, பட்டமா?

வானிலிருந்து நிலத்தைப் படம்பிடிக்க விரும்பும் ஆர்வலர் முதலில் கவனிக்க வேண்டியது காற்றைத்தான். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும் என்பதால், 1.5 மீட்டர் விட்டமுள்ள பலூன், தன் உறையின் எடையும் கயிற்றின் எடையும் போக, ஒரு சிறிய கேமராவை எளிதாக மேலேற்றிவிடும். இலைகூட அசையாத விடியற்காலையில் அது தலைக்கு நேர்மேலே அசையாமல் நிற்கும் அழகைப் பட்டத்திடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் காற்று சற்று வலுத்தாலே பலூன் ஒருபுறமாகச் சாய்ந்து தாழ்ந்துவிடும். கேமரா ஊசலாட, படங்கள் தெளிவிழந்து போகும்.

பட்டத்துக்கோ அந்தக் காற்றுதான் உயிர். 1906இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜார்ஜ் லாரன்ஸ், நிலநடுக்கத்தில் சிதைந்த சான் பிரான்சிஸ்கோவைப் பதிவு செய்தது பட்டங்களின் வரிசையில் தொங்கிய கேமராவால்தான். கேமராவைப் பட்டத்தின் உடலில் கட்டாமல், அதற்குக் கீழே கயிற்றில் தொங்கவிட்டால் அதிர்வு வெகுவாகக் குறையும். செலவும் குறைவு, ஹீலியமோ, ஒருமுறை வளிமண்டலத்தில் கலந்துவிட்டால் மீளாத வளம்.

எதைப் பறக்கவிட்டாலும் கையுறை அவசியம், ஏனெனில் விறைத்த நூல் நழுவும்போது உள்ளங்கையைக் கத்திபோல அறுத்துவிடும். நேர்கீழாக எடுத்த படங்களை இணைத்து வரைபடம் தயாரிப்பதே நோக்கமென்றால், நான் பலூனையே தேர்ந்தெடுப்பேன். மற்றபடி என் விருப்பம் பட்டம்தான்.