வாரிய வீடு முடிச்சுத் தர்றேன்னு யாராவது பணம் கேட்டா குடுத்துராதீங்க, கோவைக்காரங்க கண்டிப்பா படிங்க

கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல லைன் வூட்டுல (வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின சின்ன வூடுக) வாடகைக்கு இருக்கறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க, படிக்கத் தெரியாத பெரியவங்க வூட்டுல இருந்தா அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. குடிசை மாத்து வாரிய வீடு வாங்கித் தர்றேன்னு சொல்லி ஒரு புரோக்கர் எங்க பெரியம்மா பொண்ணு கிட்ட 2,20,000 ரூவா வாங்கி ஏமாத்திட்டான். அந்தாளு இன்னும் வெளியதான் சுத்திட்டு இருக்கான், இதே நாயத்தை வேற வேற ஏரியாவுல பேசிட்டு இருக்கான்னு காதுக்கு வந்துச்சு, அதனாலதான் எழுதறேன்.

அக்கா வூட்டுக்காரர் லேத் பட்டறையில வேலை, அக்கா வீட்டு வேலைக்குப் போறாங்க, ரெண்டு பசங்க. பத்துக்குப் பத்து ரூம்பு, அஞ்சாயிரம் வாடகை, கரண்டு யூனிட்டுக்கு ஓனர் சொல்றதுதான் ரேட்டு, தண்ணி எந்நேரம் வரும்னு தெரியாது. அந்த லைன்ல இருக்கற ஒரு அம்மா மூலமாத்தான் இவன் வந்திருக்கான். "அம்மணி, வாரியத்துல எனக்கு ஆள் இருக்குது, காலியா இருக்கற வீடெல்லாம் அடுத்த மாசம் லிஸ்ட்டு போடறாங்க, இப்பக் குடுத்தாத்தான் பேரு ஏறும், விட்டா அடுத்தது எப்பனு சொல்ல முடியாது"ன்னு சொல்லியிருக்கான். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, நகையை அடகு வெச்சு, கை மாத்து வாங்கி குடுத்திருக்காங்க. இதுல ஜிபேல போனது வெறும் 30,000, மிச்சம் பூராவும் ரொக்கம். ஜிபேல போட்டா ஆபீசுல பிரச்சனை ஆயிரும்னு அவனே சொல்லி ரொக்கமா வாங்கியிருக்கான், இந்த ஒரு வார்த்தையை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க.

இதுல பெரிய கொடுமை என்னன்னா அவன் வெறும் பேப்பர் மட்டும் குடுக்கல, நெசமாலுமே வீடு காட்டினான். ஊருக்கு வெளிய இருக்கற வாரியக் குடியிருப்புல ஒரு வீட்டைத் தொறந்து சாவியைக் கையில குடுத்துட்டான், ஆர்டர் பின்னாடி வரும் நீங்க குடி வந்துருங்கன்னுட்டான். சாவி கைக்கு வந்துட்டா யாருக்குங்க சந்தேகம் வரும்? இவங்களும் பால் காய்ச்சி குடி போயிட்டாங்க, பசங்களை ஸ்கூல் மாத்திட்டாங்க, மச்சான் தெனமும் ரெண்டு பஸ் மாறி பட்டறைக்குப் போயிட்டு இருந்தாரு. கொஞ்ச மாசம் கழிச்சு வாரியத்துல இருந்து கணக்கெடுக்க வந்தவங்க இந்த வீட்டு ஒதுக்கீட்டுதாரர் யாரு, ஆதாரைக் காட்டுங்கன்னு கேட்டப்பத்தான் விசயமே வெளிய வந்துச்சு. வீடு வேற ஒரு அம்மா பேர்ல இருக்குது. அவங்க குளக்கரையில குடிசை போட்டு இருந்து அங்கிருந்து எடுத்தப்ப மாத்து வீடு கெடைச்சவங்க. அவங்க கிட்ட இருந்து இந்தப் புரோக்கர் மாசம் கொஞ்சம் வாடகை பேசி வீட்டை வாங்கி, அதையே அக்காவுக்கு வித்திருக்கான்.

அந்த அம்மாவைத் திட்டறதுக்கு எனக்கு மனசு வரலைங்க. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம் இங்கெல்லாம் கரையில இருந்த ஜனங்களை எடுத்து கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர்னு தூரமா கொண்டு போய் விட்டாங்க. டவுன்ல மார்க்கெட்டுல மூட்டை தூக்கினவங்க, வீட்டு வேலை செஞ்சவங்க எல்லாம் வேலைக்குப் போக வரவே கூலியில பாதி போச்சுன்னு மறுபடியும் டவுன்லயே வாடகைக்கு வந்துட்டாங்க, அங்க வீடு பூட்டிக் கெடக்குது. பூட்டிக் கெடக்கற வீடுதான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு மொதல். அரசாங்கம் இதை மொதல்ல யோசிச்சிருக்கணும், வேலை ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம்னு குடுத்தா இப்படித்தான் ஆகும். ஆனா ரூல்படி ஒதுக்கீடு வாங்கினவங்கதான் அந்த வீட்டுல குடியிருக்கணும், விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, விட்டது தெரிஞ்சா ஒதுக்கீட்டையே ரத்து பண்ணலாம். அப்ப அந்த அம்மாவுக்கும் வீடு போகும், காசு குடுத்து குடியிருக்கறவங்களும் வெளிய வரணும். முத்திரைத்தாள்ல எழுதி நோட்டரி சீல் அடிச்சு வெச்சிருக்கேன்னு சிலர் சொல்றாங்க, அக்கா கிட்டயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. வாரியம் இன்னும் கிரயப் பத்திரமே போட்டுத் தராத வீட்டை அவங்க எப்படிங்க உங்களுக்கு எழுதிக் குடுப்பாங்க, அந்தத் தாளை நீட்டி வாரியத்துல ஒண்ணும் பேச முடியாது.

அக்கா விடாம கேட்டதுக்கு அவன் ஒரு ஆர்டர் காப்பியும் குடுத்திருந்தான், 2023 தேதி போட்டது. சீல்ல 'தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம்'னு இருந்துச்சு. 1970ல ஆரம்பிச்ச வாரியத்துக்கு அந்தப் பேர்தான், ஆனா 2021லயே தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரை மாத்திட்டாங்க. நாம பேச்சுல இன்னமும் குடிசை மாத்து வாரியம்னுதான் சொல்றோம், ஆனா ஆபீசு சீல்ல பேரு மாறி ரெண்டு வருசம் கழிச்சு எப்படி பழைய பேரு வரும்? பழைய வருசத்து ஆர்டர்ல பழைய பேரு இருக்கும், அது நெசமான ஆர்டர்தான், அதைப் பாத்து பயந்துக்காதீங்க. புது தேதியில பழைய சீல் இருந்தா உசாராயிருங்க. அதுலயும் பிளாக் நம்பர், கதவு நம்பர் எழுதற எடம் காலியாவே இருந்துச்சு.

நெசமான வழி என்னன்னு வாரிய ஆபீசுலயே போய் கேட்டேன். அங்க இருந்தவங்க பொறுமையாத்தான் சொன்னாங்க, அதை மறைக்கக் கூடாது. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்துல கட்டின வீடுன்னா குடும்பத்தோட வருச வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கணும், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர்லயும் இந்தியாவுல எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது, ரெண்டு பேரு ஆதாரும் வேணும். ஒதுக்கீடு வீட்டுப் பொம்பளை பேர்ல, இல்லைனா ரெண்டு பேரும் சேந்து இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் மத்திய அரசு ஒண்ணரை லட்சம் போடுது, மாநில அரசு அதுக்கு மேல போடுது, மிச்சம் பயனாளி பங்குத் தொகை. அது திட்டத்துக்குத் திட்டம் மாறும், அதனால பக்கத்து வீட்டுக்காரங்க இவ்வளவு கட்டினாங்கன்னு அந்தக் கணக்கை நம்பாதீங்க. இதுல முக்கியமானது, பங்குத் தொகை இருக்குங்கறது நெசம், அதனாலதான் புரோக்கர் பணம் கேட்டா ஜனங்க நம்பிடறாங்க. ஆனா அந்தப் பணம் வாரியத்துக்கு டிடியாவோ வாரியம் சொல்ற பேங்க் கணக்குக்கோ போகணும், கட்டினதுக்கு ரசீது வரணும், ஒரு தனி மனுசன் கைக்கு ஒரு ரூவா போக வேண்டிய வேலையே இல்ல.

பழைய பிளாக்கை இடிச்சுட்டு புதுசா கட்டற எடத்துல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். புது வீடு முடியற வரைக்கும் வெளிய வாடகைக்கு இருக்கறதுக்காக வாரியம் கருணைத் தொகை குடுக்குது, முந்தி 8,000 இருந்ததை 24,000 ஆக்கியிருக்காங்க. இதே ஆளு அந்த மாதிரி குடும்பங்க கிட்டயும் போய், ஃபாரம் நான் எழுதித் தர்றேன் பணம் சீக்கிரம் வரும் எனக்கு ரெண்டாயிரம் குடுங்கன்னு கேட்டிருக்கான். அதுல யாருக்கும் கமிசன் கெடையாதுங்க. ஃபாரம் எழுதத் தெரியலைன்னா பக்கத்துல காலேஜ் படிக்கற பசங்க கிட்டக் குடுங்க.

அக்கா இப்ப மறுபடியும் லைன் வூட்டுக்கே வந்துட்டாங்க, நகை இன்னும் அடகுலதான் இருக்குது, வட்டி கட்டிட்டு இருக்காங்க. புகார் குடுத்து சி.எஸ்.ஆர். (புகார் வாங்கினதுக்கு ஸ்டேசன்ல குடுக்கற ரசீது) வாங்கிட்டோம். ஜிபேல போன 30,000க்கு ஆதாரம் இருக்கு, ரொக்கத்துக்கு அவன் வாட்சப்புல அனுப்பின வாய்ஸ் மெசேஜ்தான் இருக்கு, "ஒண்ணு தொண்ணூறு வந்துருச்சு அம்மணி"ன்னு அவனே பேசினது, அதை அழிக்காம வெச்சிருந்ததுனால புகார்ல சேக்க முடிஞ்சுது. உங்க கிட்டயும் அப்படி எதாச்சும் இருந்தா போனை மாத்தறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெச்சுக்கங்க.

அக்கா பேர்ல இப்பத்தான் மொறையா மனு போட்டிருக்கோம். இ-சேவையில வருமானச் சான்றிதழ் எடுத்து, ரேசன் கார்டு ஆதார் காப்பியோட திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுத்து மனு நம்பர் வாங்கி வெச்சிருக்கோம். எப்ப கெடைக்கும்னு தெரியாது, ஆனா யாருக்கும் காசு குடுக்கல.

வீடு காட்டி சாவி குடுத்து ரொக்கமா பணம் வாங்கின ஆளு கிட்ட நீங்களும் மாட்டியிருந்தா வெக்கப்பட்டுட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்துக்காதீங்க, உங்க ஏரியா ஸ்டேசன்ல தனியா புகார் எழுதிக் குடுங்க. ஒரே ஆள் மேல நாலு எடத்துல இருந்து புகார் வந்தா கேசு இன்னும் வலுவா நிக்கும்னு வக்கீல் சொல்றாரு. அந்தாளு பேர், போன் நம்பரை இங்க கமெண்ட்ல போடாதீங்க, கேசுக்கு அது எடைஞ்சலா போயிரும், எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, புகார் எழுதறதுக்கு நானே கூட வர்றேன்.