"கடிக்கவே கடிக்காது" என்று விற்கிற ஃபெரட் குட்டிகள்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

ஃபெரட் (கீரி போல நீண்ட உடலுள்ள சிறிய வளர்ப்புப் பிராணி) குட்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

"பத்து வாரக் குட்டி, நல்லாப் பழக்கி வெச்சிருக்கேன், கடிக்கவே கடிக்காது" என்றுதான் எங்களுக்கு விற்றவர் சொன்னார். கையில் கொடுத்தபோது துவண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்தால் எந்த ஃபெரட் குட்டியும் அப்படித்தான் கிடக்கும். பெரியவை கூட நாளில் பாதிக்கு மேல் தூங்கும். அந்தத் தூக்கத்தைக் காட்டித்தான் 'சாது' என்று தலையில் கட்டினார்.

வீட்டில் கண் விழித்ததும் என் மகளின் கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதையைக் கவ்வியது. பல் இறங்கிவிட்டது. கையை உயர்த்தினால் கூடவே தொங்கியது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடினோம்.

விற்றவருக்குப் போன் செய்தால் "மூக்குல ஒரு சுண்டு சுண்டுங்க, அடங்கிரும்" என்றார். இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது. முகத்துக்கு அருகே யார் கை போனாலும் அந்தக் குட்டி கண்ணை இறுக மூடித் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே எத்தனை சுண்டு வாங்கியிருந்தால் அப்படிச் செய்யும்! கை வந்தாலே வலிதான் என்று கற்ற குட்டி, முந்திக்கொண்டு கடிக்கத்தான் செய்யும்.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். ஊசி போல மெல்லிய பால்பற்கள்தான் இருந்தன. நிலையான கோரைப்பல் ஏழாவது வாரத்தை ஒட்டி முளைக்கும். இதற்கு அதன் அறிகுறியே இல்லை. ஆறு வாரம் இருந்தாலே அதிகம் என்றார். தடுப்பூசி அட்டையில் தேதி மட்டும் இருந்தது, மருந்தின் பெயரோ மருத்துவர் கையெழுத்தோ இல்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரட்டுக்கு வந்தால் பிழைப்பது மிக அரிது. இதில் போய் ஏமாற்றலாமா?

உடன்பிறந்த குட்டிகளோடு புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று ஒரு குட்டிக்குப் புரியும். ஓங்கிக் கடித்தால் மற்றது கீச்சிட்டு விலகிவிடும். ஃபெரட் தோல் தடிமன், நம் தோல் அப்படியில்லை. அந்தப் பாடம் முடியும் முன்பே பிரித்து விற்றுவிட்டார்கள்.

இப்போது நாங்கள் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. கடித்தால் உடனே கீழே விடுவதும் இல்லை. விட்டால், கடித்தால் விடுதலை என்று எடுத்துக்கொள்ளும். பிடரித் தோலைப் பிடித்து, பின்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கி, அமைதியாக "வேண்டாம்" என்கிறோம். அடங்காவிட்டால் கூண்டில் இல்லாமல் தனிப் பெட்டியில் சில நிமிடம். பசியிலும் கடிக்கும் என்பதால் சாப்பிட்ட பிறகே விளையாட்டு. மூன்று நான்கு மணி நேரத்தில் குடலே காலியாகிவிடும். விரலில் சால்மன் எண்ணெய் தடவி நக்கவிட்டதுதான் அதிகம் பலன் தந்தது. இன்னும் பல் படுகிறது, ஆனால் அழுத்துவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்றவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

குட்டி விழித்திருக்கும்போது, தீனி வைப்பதற்கு முன்பாகப் போய்ப் பாருங்கள். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் பாருங்கள். பின்னால் நின்று கைதட்டுங்கள். தலையில் வெள்ளை அதிகமுள்ள சிலவற்றுக்குக் காது கேட்காது, திடுக்கிட்டுக் கடிக்கும். "தாயை வேற இடத்துக்கு அனுப்பிட்டோம்" என்றால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.