மாதம் 300 ரூபாய் எங்கே போகிறது? அம்மாப்பேட்டையின் ஒரு தெரு உதவிக் குழு பற்றி

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் இன்னும் முற்றாக ஓயாத சில தெருக்களில், குடியிருப்பவர்களே மாதச் சந்தா போட்டு, அதே தெருக்களில் நோயில் விழுந்த ஏழைக் குடும்பங்களைத் தாங்கிவரும் ஒரு குழுவின் செயல்பாட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு. குழுவுக்குப் பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. நடத்துபவர்களும் தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை. சந்தா மாதம் 100 ரூபாயில் தொடங்குகிறது, மேல்வரம்பு இல்லை. நான் 300 ரூபாய் கட்டிவருகிறேன். பணம் கட்டுபவன் என்ற முறையிலும், சில வீடுகளுக்கு உடன் சென்று பார்த்தவன் என்ற முறையிலும், இச்சேவை எதில் தேர்ந்திருக்கிறது, எதில் தடுமாறுகிறது என்று எழுதுகிறேன்.

இத்தனை சிறிய தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவை மனத்தில் வைத்துப் பேசினால் அது சரிதான். ஆனால் இக்குழு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தருவதே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தகுதியுள்ள முதியோருக்கு மாதம் 1,200 ரூபாயும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்புத் தொகையாக 2,000 ரூபாயும் உண்டு. அரசு எதை ஏற்கெனவே தருகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அது எட்டாத இடத்தில் மட்டும் சந்தாப் பணத்தை இறக்குவதுதான் இக்குழுவின் பலம் என்பது என் கணிப்பு.

எட்டாத இடம் என்று நான் சொல்வது இதைத்தான். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்யவேண்டும். காப்பீட்டில் அது இலவசமாகவே நடந்துவிடும். ஆனால் இயந்திரத்திலிருந்து எழுந்து வருபவர் தலைசுற்றலோடு நகரப் பேருந்தில் நின்றுகொண்டு வீடு திரும்ப முடியாது, ஆட்டோ வேண்டும். துணைக்குப் போகும் மனைவியோ மகனோ அன்று தறியில் உட்கார முடியாது. நெய்த சேலைக்குத்தான் கூலி என்பதால், போன நாளுக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர் வீட்டிலோ பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கைப் புண் வராமல் இருக்க வாட்டர் பெட், குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சிக்கான மாவு என்று மருந்துக் கணக்கிலேயே வராத செலவுகள் மாதந்தோறும் நிற்கின்றன. இவற்றுக்கு ஒரே முறை கிடைக்கும் பெருந்தொகையைவிட, அடுத்த மாதமும் வரும் என்று நம்பக்கூடிய சிறு தொகை அதிகம் உதவுகிறது. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருப்பதற்கு அந்த நம்பிக்கையே போதுமாக இருக்கிறது என்பதை இரண்டு குடும்பங்கள் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கின்றன.

ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் முன் தன்னார்வலர்கள் இருவர், அவர்களில் ஒருவராவது பெண்ணாக, வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் நிரப்பும் படிவத்தின் முதல் பக்கத்தில் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எந்த வகைக் குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் நோயாளியின் பெயர் இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா, வங்கிப் புத்தகத்தில் கடைசியாக எப்போது வரவு விழுந்தது, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்பவைதான் கேட்கப்படுகின்றன.

நான் உடன் சென்ற வீடுகளில் ஒன்று, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்துவந்தவருடையது. பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. அவருடைய மனைவி மாத்திரைகளையெல்லாம் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். தன்னார்வலரான பெண்மணி பையைப் பாயில் கவிழ்த்து, அட்டை அட்டையாக எடுத்து மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். காலாவதியானவை ஒரு பக்கம் போயின. மீதியில், இரத்த அழுத்தத்துக்கான ஒரே மருந்து இரண்டு நிறுவனங்களின் பெயரில் இருந்தது. ஒன்று தனியார் கிளினிக்கில் எழுதியது, மற்றொன்று வீட்டுக்கு வந்து கொடுக்கப்பட்டது. இரண்டையும் கணவர் விழுங்கிக்கொண்டிருந்தார். “அக்கா, இது ரெண்டும் ஒரே மருந்து மாதிரி இருக்குதுங்க. ஆனா டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்திடாதீங்க, நாளைக்கே பையோட போய்க் காட்டுங்க” என்று சொல்லி, சீட்டின் ஓரத்தில் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒன்றை நிறுத்தினார். காசு கொடுத்து வாங்கியாகவேண்டிய மற்ற மருந்துகளை மலிவு விலை மக்கள் மருந்தகத்தில் வாங்குமாறு குழு ஏற்பாடு செய்தது. காப்பீட்டு அட்டை இல்லாததால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு மனைவியை அழைத்துச் சென்றார்கள். இதுவரை சந்தாப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பிறகு மீதமிருந்த இடைவெளிக்கு மட்டும், அதாவது டயப்பருக்கும் பராமரிப்புப் பொருள்களுக்கும், மாதத் தொகை முடிவானது.

பணம் பெரும்பாலும் கையில் கொடுக்கப்படுவதில்லை. மருந்துக் கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் குழுவே மாதக் கடைசியில் நேராகக் கணக்கு முடிக்கிறது. மளிகைக்கு மட்டும் ரொக்கம். தவறான செலவைத் தடுக்க இது உதவுகிறது என்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. குழாய் வழியே கணவருக்குக் கஞ்சி கொடுத்து, இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்கவைத்து, பகலில் தறிக்குப் பாவு நூல் பிணைக்கப் போகும் பெண்ணுக்கு, இந்த மாதம் டயப்பர் முக்கியமா, கரண்டுக் கட்டணம் முக்கியமா என்று முடிவு செய்யத் தெரியும். சந்தாதாரர்களுக்குக் கணக்குக் காட்டும் வசதிக்காக அவருடைய கையைக் கட்டுவது தேவையற்றது.

கணக்குக் காட்டும் முறையைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று ஒரு பக்க அறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்குக் காகிதத்தில் தருகிறார்கள். முன்பு அந்த அறிக்கையில் நோயின் பெயரும் தெருவின் பெயரும் இருந்தன. ஆளின் பெயர் இல்லாவிட்டாலும், இருபது வீடுகள் உள்ள சந்தில் காசநோயாளி யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இல்லை. பெண் பார்க்க வருபவர்கள் வரை செய்தி போய்விடும். சிலர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு இப்போது பதிவு எண் மட்டும் போடுகிறார்கள். இவ்வளவு தாமதமாக மாற்றியிருக்கவேண்டியதில்லை.

காசநோயாளிகளுக்கான உதவி தனிக் கணக்காக நடக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை, மருந்து முழுவதும் இலவசம். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதத் தொகை 2024 நவம்பரிலிருந்து 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் தனிநபரோ குழுவோ ‘நிக்ஷய் மித்ரா’வாக, அதாவது காசநோயாளிக்குத் துணைநிற்பவராக, பதிவு செய்துகொண்டு, நோயாளியின் சம்மதத்துடன் அவருக்குக் குறைந்தது 6 மாதம் உணவுப் பொருள் கொடுக்கலாம். இதற்கு வலுவான காரணமும் இருக்கிறது: ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில் நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வெளியானது. குழு இத்திட்டத்தில் பதிவு செய்து பருப்பு, எண்ணெய், நிலக்கடலை, முட்டை என்று கொடுக்கிறது.

சந்தாதாரர்களுக்குக் காசநோய்க் கணக்கு பிடித்திருக்கிறது. ஏனென்றால் அது முடிகிறது. ஆறு மாதத்தில் எடை கூடிய மனிதர் மறுபடியும் வேலைக்குப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கவாதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அப்படி முடிவுத் தேதி இல்லை. ஓராண்டு கழிந்ததும் ‘இன்னும் எவ்வளவு நாளைக்கு’ என்ற கேள்வி கூட்டங்களில் மெல்ல எழுகிறது, சிலர் சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். குழு இதற்குக் கண்டிருக்கும் வழி, 6 மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பத்தையும் மறுபரிசீலனை செய்வது. ஆனால் அந்தக் காலக்கெடு நெருங்கும்போதெல்லாம் அக்குடும்பங்கள் படும் பதற்றத்தைப் பார்த்தவர்கள், நீண்டகால நோய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்றே சொல்வார்கள். ஆடி மாதம் இன்னொரு சோதனை. சேலத்தின் எட்டுப் பேட்டைகளிலும் உள்ள மாரியம்மன் கோயில்களில் திருவிழா, வீட்டில் விருந்தாளிகள், ஊரே செலவில் இருக்கும். அம்மாதம் வரவு கண்கூடாகக் குறைகிறது. அதைச் சமாளிக்க இரண்டு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது எப்போதோ செய்திருக்க வேண்டிய ஏற்பாடு.

சந்தா வசூலை, வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகவே பணம் போகும் யுபிஐ ஆட்டோபேக்கு மாற்றினால் வேலை குறையுமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். குறையும்தான். ஆனால் மாத முதல் வாரத்தில் பொருளாளர் வீடு வீடாகப் போய் 100 ரூபாய் வாங்கும்போதுதான், எந்த வீட்டுத் தறி நின்றுபோயிருக்கிறது, யார் வெளியே வருவதில்லை என்பது தெரியவருகிறது. கேட்கக் கூச்சப்பட்டவர்களில் பலரை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு முறையும் சேர்ந்தே இருக்கட்டும் என்பேன். பொருளாளருக்கு வயதாகிறது, அடுத்து யார் என்பதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை, அது கவலைக்குரியது. சங்கமாகப் பதிவு செய்யாததால் வரிவிலக்கு ரசீது கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அது எப்படியும் பயன்படப்போவதில்லை.

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் சில குடும்பங்களையும் இக்குழு சேர்த்திருக்கிறது. அங்கே சேவை சுமார்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் மாதந்தோறும் வீடு பார்க்கத் தன்னார்வலர்களால் முடிவதில்லை. அங்குள்ள ஒரு கடைக்காரர் சொல்வதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். காப்பி பழம் பறிக்கும் மாதங்கள் போக, மற்ற காலத்தில் தோட்ட வேலை குறையும்போதுதான் அக்குடும்பங்களுக்கு நெருக்கடி. மாதா மாதம் ஒரே தொகை என்ற விதி அங்கே பொருந்தவில்லை. மலையிலேயே குடியிருப்பவர்கள் தனியாக ஒரு குழு தொடங்குவது மேல்.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு இயக்கம், பின்னர் அக்கம்பக்கத்தாரின் சிறு நன்கொடையாலேயே கேரளம் முழுவதும் பரவியது. அதோடு ஒப்பிட்டால் இங்கே இல்லாதது பயிற்சி. அங்கே தன்னார்வலர்களுக்கு முறையாகக் கற்றுத்தருகிறார்கள், செவிலியர் வீட்டுக்கு வருகிறார். இங்கே நல்ல மனம் இருக்கிறது, புண்ணைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும் என்பதால், அந்த ஊழியர்களிடம் தன்னார்வலர்கள் சிலரை அனுப்பிக் கற்கவைக்கலாம். செலவே இல்லாத காரியம்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. குழுவின் விதிப்படி, தெருவில் நெடுநாள் குடியிருக்கும் ஒருவர் அறிமுகம் செய்தால்தான் உதவி. வாடகைக்குப் புதிதாக வந்தவர்களும், விசைத்தறிப் பட்டறைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிகளும் இதனால் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் பலரிடம் இங்குள்ள குடும்ப அட்டையோ காப்பீட்டு அட்டையோ இல்லை, ஆகவே இடைவெளி அவர்களுக்குத்தான் அதிகம். கூட்டத்தில் இதை எழுப்பியபோது, ‘முதலில் நம் தெருவைப் பார்ப்போம்’ என்றார்கள். அவர்களும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன். முடிவு இன்னும் எடுக்கவில்லை.

5க்கு 4 தருவேன். பழைய அம்மாப்பேட்டைத் தெருக்களில் குடியிருந்து, மாதம் 100 ரூபாய் ஒதுக்க முடிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். சேரும் முன் கடைசி மூன்று மாத அறிக்கையைக் கேட்டால் தருகிறார்கள். வெளியூரில் இருந்துகொண்டு பெருந்தொகை அனுப்ப விரும்புபவர்களுக்கு இது ஏற்ற இடம் அல்ல. அத்தகைய தொகையை இக்குழு மறுத்தே அனுப்பியிருக்கிறது, அடுத்த மாதமும் அது வரும் என்று உறுதி இல்லாததால்.