பழ ஈக்கு எதிராகப் பொறியா, பையா, இரைத் தெளிப்பா?

பழ ஈக்கு என்ன செய்கிறீர்கள் என்று மாவோ கொய்யாவோ வைத்திருப்பவரிடம் கேட்டால், பெரும்பாலும் 'பொறி கட்டியிருக்கிறேன்' என்பதுதான் முதல் பதிலாக வரும். பொறிக்குள் ஈக்கள் குவிந்து கிடக்கும். அதே மரத்துப் பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளியும். இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த வழிக்கு உழைப்பைச் செலவிடுவது என்பதை முடிவு செய்வது எளிது.

மாவையும் கொய்யாவையும் அதிகம் கெடுப்பது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற ஈ. காய் செங்காயாகும் நேரத்தில் பெண் ஈ தோலுக்கு அடியில் முட்டைகளைச் செருகிவிடும். ஓரிரு நாளில் பொரிந்து வரும் புழு சதைக்குள்ளேயே வளர்ந்து, பிறகு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். முட்டையும் புழுவும் பழத்துக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். நாம் எளிதில் எட்டிப் பிடிக்கக்கூடியது பறந்து திரியும் ஈ மட்டும்தான். புதிதாக வெளிவரும் பெண் ஈயும் உடனே முட்டையிடுவதில்லை. முட்டை முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குப் புரத உணவும் வேண்டும். இந்த இடைவெளியை மறந்துவிட வேண்டாம், இரைத் தெளிப்பு முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் பொறி. அதற்குள் வைப்பது மெத்தில் யூஜினால், ஆண் ஈக்களை மணத்தால் இழுக்கும் பொருள். பிகாரில் உள்ள பூசாவில் வேலை பார்த்த பூச்சியியலாளர் ஹௌலெட், சிட்ரோனெல்லா என்ற புல்லின் எண்ணெயை ஆண் பழ ஈக்கள் தேடி வருவதை 1912இல் எழுதினார். ஈயை இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்பது 1915இல் தெளிவானது. துளசியிலும் இது இருக்கிறது, கசக்கிய துளசி இலையைப் பொறியில் வைப்பது அதனால்தான். எரிசாராயம், மெத்தில் யூஜினால், மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி மூன்றையும் 6:4:1 என்ற அளவில் கலந்து, ஒட்டுப்பலகைத் துண்டை அதில் ஊறவைத்துத் தொங்கவிடுவது வழக்கமான முறை.

இதில் சிக்குவது ஏறக்குறைய எல்லாமே ஆண் ஈக்கள். முட்டையிடுவதோ பெண். ஓர் ஆண் பல பெண்களோடு இணையக்கூடியது என்பதால், பாதி ஆண்கள் செத்தாலும் முட்டையின் எண்ணிக்கை அசைந்து கொடுக்காது. மிகப் பெரும்பாலானவை ஒழிந்தால்தான் பலன் தெரியும். அப்படி நடந்தும் இருக்கிறது. பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில் 1960களின் தொடக்கத்தில், மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய சிறு துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுக்கப் போட்டு இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஜப்பானும் தன் தென்மேற்குத் தீவுகளில் 1986க்குள் இதே வழியில் ஒழித்தது. இரண்டு இடத்திலும் சுற்றிக் கடல் இருந்தது, வேலை தீவு முழுவதும் நடந்தது. ஒரு தனித் தோட்டத்துக்கு அந்த வேலி கிடையாது, வேறெங்கோ இணை சேர்ந்த பெண் ஈ பறந்து வந்து முட்டையிட்டுப் போய்விடும். ஊரே சேர்ந்து கட்டினால் பொறி ஓர் ஆயுதம். ஒருவர் மட்டும் கட்டினால் அது ஈயின் வரத்தைக் காட்டும் அளவுகோல். இந்த வாரம் விழுந்த ஈ போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்து மற்ற வேலைகளைத் தொடங்கலாம். அந்த அளவுக்கு அது மிக நல்ல கருவி. 'இவ்வளவு ஈ செத்திருக்கிறதே, போதும்' என்று நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து.

காய்க்குப் பை மாட்டுவது இதற்கு நேர்மாறு. ஒரு ஈயும் சாகாது, ஆனால் அந்தக் காய் தப்பிக்கும். ஈ தோலைத் தொடவே முடியாதபோது அது ஆணா பெண்ணா, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. வெயில் சுட்ட வடு குறையும், ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் புள்ளிகள் குறையும், தோல் வழுவழுப்பாக வரும். பூச்சிமருந்தின் எச்சம் பற்றிய கவலையும் இல்லை. வீட்டு மரம், சிறிய தோட்டம், கவாத்து செய்து தாழ்வாக வைத்த அடர்நடவுக் கொய்யா என்றால் நான் முதலில் கைவைப்பது இதில்தான்.

ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். காய் செங்காயாவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும், முட்டை ஏறிய காய்க்குப் பை போட்டால் புழுவை நாமே பத்திரமாக வளர்த்ததாகிவிடும். காகிதப் பையும் துணிப் பையும் நல்லவை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வெப்பமும் ஈரமும் தேங்கி காய் அழுகும். காம்பில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள், உள்ளே சிக்கிய மாவுப்பூச்சி அங்கேயே பெருகும். மற்றபடி கூலிதான் பெரிய தடை. உயர்ந்து படர்ந்த பழைய மாமரத்தில் ஒவ்வொரு காயையும் எட்டுவது நடக்கிற காரியமில்லை.

அப்படிப்பட்ட தோட்டங்களுக்கு இரைத் தெளிப்பு ஏற்றது. புரதக் கரைசலில் கொஞ்சம் பூச்சிக்கொல்லி கலந்து, மரம் முழுக்க நனைக்காமல் இலைகளின் மேல் திட்டுத்திட்டாகத் தெளிப்பார்கள். முட்டை முதிரப் புரதம் தேடும் பெண் ஈ அதைத் தின்று சாகும். பொறி தொடாமல் விடுகிற பெண் ஈயைப் பிடிப்பதுதான் இதன் பலம். ஸ்பினோசாட் கலந்த இரை இதில் பேர்போனது, அது ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் பொருள். மழை பெய்தால் கரைந்துவிடும், மறுபடி தெளிக்க வேண்டும். காய் செங்காயாவதற்கு முன்பே தொடங்கி, வாரம் ஒருமுறை என்று அறுவடை வரை விடாமல் செய்தால்தான் பயன். இரண்டு முறை தெளித்துவிட்டு நிறுத்தினால் செலவுதான் மிச்சம்.

மரம் முழுவதையும் பூச்சிக்கொல்லியால் நனைப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். தொடுநஞ்சு பழத்துக்குள் இருக்கும் புழுவை எட்டாது. ஊடுருவும் மருந்து எட்டும், ஆனால் அறுவடை நெருங்கும் வேளையில் அது பழத்தில் தங்கும். தேனீக்களும், ஈயின் முட்டையிலோ புழுவிலோ முட்டையிட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து சாகும்.

சரி, இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் விழுந்த பழம் மரத்தடியில் கிடந்தால் பாதி உழைப்பு வீண். ஓர் அழுகிய கொய்யாவிலிருந்து பல பத்து ஈக்கள் வெளிவரும். நாள்தோறும் பொறுக்கி, இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். அல்லது தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் போடுங்கள். மேலாக மண் தள்ளி மூடினால் ஈ சுலபமாக ஏறி வந்துவிடும். எருக்குழியில் அப்படியே கொட்டுவதும் ஈ வளர்ப்பதுதான். ஹவாயில் இதற்கு அருமையான ஒரு முறை உண்டு. விழுந்த பழங்களை ஒரு வலைக் கூடாரத்துக்குள் போடுவார்கள். ஈ வெளியேற முடியாத, சிறிய ஒட்டுண்ணிக் குளவி மட்டும் நுழைந்து போகக்கூடிய அளவில் வலைக்கண் இருக்கும். ஈ உள்ளேயே சாகும், அதன் எதிரி தோட்டத்துக்குத் திரும்பும்.

பறிக்கும் நேரமும் கணக்கில் வரும். நன்றாக முற்றி, இன்னும் விறைப்பாகப் பச்சையாக இருக்கும் மாங்காயில் ஈ முட்டையிடுவது மிகக் குறைவு. மரத்திலேயே பழுக்க விட்டால் தாக்குதல் ஏறும். அதனால் பை மாட்ட எட்டாத உச்சிக் கிளைக் காய்களை முற்றியதும் முதலில் பறித்துவிடுங்கள். பைக்குள் இருப்பவை பொறுத்துப் பழுக்கட்டும்.