சேலம், ஏற்காடு வேன் பேக்கேஜில் போகிறவர்கள் கவனத்துக்கு

தாரமங்கலம், சங்ககிரிக் கோட்டை, ஏற்காடு, கூடவே சேலத்துச் சாப்பாடு, தங்குமிடம், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,900 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. கடலூரிலிருந்து குடும்பத்தோடு போன நாங்கள் ஜிபேயில் முன்பணம் கட்டி அந்த வேனில் ஏறினோம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பட்டியலில் இருந்த ஊர் எல்லாவற்றுக்கும் வேன் போனது, பொய் சொல்லக் கூடாது. எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் ஏமாற்று இருக்கிறது.

காலை 8 மணிக்கு வர வேண்டிய வண்டி 10 மணிக்கு வந்தது. வந்த கையோடு ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு விட்டார்கள். “பத்து நிமிஷம்தாங்க சார்” என்றார் டிரைவர். ஒன்றரை மணி நேரம் ஆனது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் வாசலில் இறங்கும்போது நடை சாத்தியிருந்தது. மதியம் கோயில் சாத்துவார்கள் என்பது தினமும் ஆள் கூட்டி வருகிறவருக்குத் தெரியாதா? இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துக் கோயில் அது. கல்லிலேயே செதுக்கிய சங்கிலி, சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை எல்லாம் உள்ளே இருக்கின்றன. ராமர் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கம் போய்ப் பார்த்தால் ராமர் தெரியமாட்டார். அதைப் பார்க்கவே அத்தை வந்திருந்தார். நாங்கள் பார்த்தது கோபுரமும் பூட்டிய கதவும்.

சங்ககிரியில் அதுவும் இல்லை. அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, “அதோ தெரியுதுல்ல சார், அதான் கோட்டை. ஏறி இறங்கினா பொழுது போயிரும், வெயில் வேற” என்றார். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை. வாசலுக்கு மேல் வாசலாக ஏறிப் போக வேண்டிய மலை. அதை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

அப்புறம் சாப்பாடு. ‘மேட்டூர் அணை மீன் வறுவல்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றில் இலையில் வைத்த மீனை அத்தை புரட்டிப் பார்த்துவிட்டு, “டேய், இது சங்கராடா” என்றார். கடலூர்க்காரர்களிடம் கடல் மீனான சங்கராவை அணை மீன் என்று வைக்க ஒரு தைரியம் வேண்டும்! சப்ளையரைக் கேட்டால், “ஸ்டாக் தீர்ந்துருச்சுங்கம்மா” என்றார். வறுவல் மட்டும் பேக்கேஜில் சேராது என்று தனிப் பில்லும் வந்தது.

தட்டுவடை செட் என்று சொல்லி ஆளுக்கு ஒரு தட்டுவடைப் பாக்கெட் கொடுத்தார்கள். செட் என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, சட்னி தடவி அங்கேயே நின்று சாப்பிடுவது. அன்று இரவு லாட்ஜ் பக்கத்துத் தள்ளுவண்டியில் நாங்களே தேடிப் போய்ச் சாப்பிட்டோம். அந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்குச் சரியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் ஏற்காடு. பகோடா பாயின்ட்டில் கால் மணி நேரம், ‘எஸ்டேட் கடை’யில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காபி விளையும் மலை. அங்கே போய் லேபிளே இல்லாத காபித்தூளை வாங்க வேண்டுமா? சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும். கேட்டதற்கு, “நம்ம தோட்டத்துதுங்க, கலப்படமே இல்ல” என்பதுதான் பதில்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அடுத்தது. கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு, துணியில் சுற்றிய வழவழப்பான கல் ஒன்றைக் காட்டினார். ஆதிமனிதன் கற்கோடாரி, மலைக்காட்டில் கிடைத்தது, உங்களுக்காக 3,500 என்றார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடாரிகள் கிடைத்திருப்பது உண்மைதான், சில சிறு கோயில்களில் அவற்றை வைத்துக் கும்பிடுவதும் உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். இந்த உண்மையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. அந்தக் கல் போலியாக இருந்தால் பணம் போச்சு. அசலாக இருந்தால் இன்னும் மோசம்: 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தொழிலாக விற்கக் கூடாது. உரிமம் இருக்கிறதா என்றேன். கல் துணிக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு குடும்பம் அதற்குள் ஒன்று வாங்கியிருந்தது.

கீழே இறங்குவதற்கு முன், கொண்டை ஊசி வளைவுகளுக்கு ‘மலை பேட்டா’ என்று வண்டிக்கு 800 ரூபாய் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் வண்டி எடுக்கமாட்டாராம். இருட்டிக்கொண்டு வந்தது, வயதானவர்கள் இருந்தார்கள், கொடுத்தோம். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணிக்கு இறக்கி எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள், எந்தெந்தக் கடையில் நிற்பார்கள், பேட்டா சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். சேலத்திலிருந்து தாரமங்கலம், சங்ககிரி, ஏற்காடு மூன்றுக்கும் பஸ் இருக்கிறது. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கோட்டைக்கு விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீதும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்ததால் பதிவது சுலபமாக இருந்தது. புகாரைத் திரும்பப் பெற்றால் 1,000 ரூபாய் தருவதாக நேற்று அவர்களிடமிருந்து மெசேஜ் வந்தது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்துவிட்டேன்.