கபுகிச்சோவில் "லைவ் மியூசிக்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

டோக்கியோவில் இறங்கிய அன்றே இசை கேட்கக் கிளம்புகிறவர்களில் பலர் நேரே போவது ஷின்ஜுகுவுக்கு. 1976இல் தொடங்கிய ஷின்ஜுகு லோஃப்ட் என்ற லைவ் ஹவுஸ், அதாவது பேண்டுகள் நேரடியாக வாசிக்கும் சிறிய அரங்கு, 1999 முதல் அங்குள்ள கபுகிச்சோ என்ற கேளிக்கைப் பகுதிக்குள்தான் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து அங்கே நடக்கிற வழியில்தான் ஆள் பிடிக்கிறவர்களும் நிற்கிறார்கள். ஜப்பானியர்கள் இவர்களை 'க்யாகுஹிகி' என்பார்கள். இவர்கள் கொண்டுபோய் விடும் கடைகளில் நடக்கும் கொள்ளைக்குப் பெயர் 'பொத்தகுரி'.

நடப்பது இப்படி. போனைப் பார்த்துக்கொண்டே வழி தேடுகிறவரை ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் நிறுத்துவார். "அந்த ஷோ ஃபுல். பக்கத்திலேயே லைவ் மியூசிக் பார் இருக்கு. ஒரு மணி நேரம் 3,000 யென், எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்." கூடவே போனால் சந்துக்குள் ஒரு ஒடுக்கமான கட்டடம், லிஃப்ட், நாலாவதோ ஐந்தாவதோ மாடி. அங்கே மேடையும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மூலையில் ஒரு கரோக்கி பெட்டிதான். கேட்காமலே ஒரு தட்டில் கொறிக்க ஏதாவது வரும். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து "எனக்கும் ஒண்ணு" என்பார்.

பில்லில் அந்த 3,000 யென் சொன்னபடியே இருக்கும். அதற்குக் கீழேதான் வேலை: இருக்கைக் கட்டணம், தட்டுக் கட்டணம், அந்தப் பெண் குடித்த ஒவ்வொரு டெக்கீலாவுக்கும் தனி விலை, வார இறுதிக் கட்டணம், மொத்தத்தின் மேல் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் வரி. கூட்டிப் பார்த்தால் பல பத்தாயிரம் யென். எல்லாம் மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது என்று காட்டுவார்கள். கூட்டிவந்த ஆள் அதற்குள் தெருவுக்குத் திரும்பியிருப்பார். கேட்டால் "அவர் எங்க ஆள் இல்லை" என்று பதில் வரும்.

மாட்டிக்கொண்டால் முதலில் கார்டை வெளியே எடுக்காதீர்கள். பின் நம்பரை அழுத்திவிட்டால் பிறகு வங்கியிடம் வாதாடுவது கஷ்டம். பில்லையும் மெனுவையும் படம் எடுங்கள். சொன்ன விலையை மட்டும் தருகிறேன், மீதியை கோபானில், அதாவது தெருமுனைக் காவல் சாவடியில், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். காவலர் பில்லைக் குறைத்துத் தரமாட்டார். பணத் தகராறு உங்களுக்குள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார். ஆனால் 2000ஆம் ஆண்டு டோக்கியோ கொண்டுவந்த ஒழுங்குவிதி விலையைத் தெளிவாகக் காட்டச் சொல்கிறது, மிரட்டி வசூலிப்பதைத் தடை செய்கிறது. அதனால் இப்படிப்பட்ட கடைக்காரர்களுக்குக் கோபான் வாசல் பிடிக்காது. கதவை மறித்து நின்றால் அது பணத் தகராறு இல்லை, குற்றம், 110ஐ அழையுங்கள். கார்டில் இழுத்தாகிவிட்டது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் வங்கிக்குப் பேசுங்கள். இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பை மாலையிலேயே வங்கிச் செயலியில் குறைத்து வைத்துவிடலாம்.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் உண்மையான லைவ் ஹவுஸ் வாசலில் 600 யெனுக்குச் சண்டை போடுவதும் உண்டு. அது ஏமாற்று இல்லை. 'முன்பதிவு 2,500, வாசலில் 3,000, +1D' என்று போட்டிருந்தால், டிக்கெட்டுக்கு மேல் ஒரு பானத்துக்கு அந்த 600 யென்னைக் கட்டாயம் தர வேண்டும் என்று பொருள். பல லைவ் ஹவுஸ்கள் உணவு விடுதி உரிமத்தில்தான் நடக்கின்றன. பானம் விற்றால்தான் அந்தக் கணக்கு நேராகும். கையில் ஒரு டோக்கனோ சீட்டோ தருவார்கள், பாரில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். குடிக்காதவருக்கு ஊலாங் டீ. சின்ன இடங்களில் ரொக்கம்தான் செல்லும். காயின் லாக்கருக்கு 100 யென் நாணயங்கள் வேண்டும்.

நுழையும்போது "இன்று எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். இதுவும் தூண்டில் இல்லை. மேடையேறும் பேண்டுகளுக்கு இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும் என்று 'நொருமா' இருக்கும். குறைந்தால் அவர்களே கைக்காசைப் போட வேண்டும். நீங்கள் சொல்லும் பெயரில் அந்த டிக்கெட் வரவு வைக்கப்படும். யாரையும் தெரியாவிட்டாலும் சுவரொட்டியைப் பார்த்து ஒரு பெயர் சொல்லுங்கள், யாரோ நாலு பிள்ளைகளுக்குப் புண்ணியம். அந்த பேண்டுக்கே முன்கூட்டிச் செய்தி அனுப்பி 'தோரிஒகி', அதாவது டிக்கெட்டை எடுத்து வைக்கும்படி, கேட்டால், வாசலில் முன்பதிவு விலைக்கே கொடுப்பார்கள்.

பெரிய நிகழ்ச்சி டிக்கெட்டை சமூக வலைத்தளத்தில் அந்நியரிடம் வாங்க வேண்டாம். 2019 ஜூன் 14 முதல் அமலில் உள்ள சட்டப்படி, மறுவிற்பனை தடைசெய்த டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தொழிலாகச் செய்வது குற்றம். சில நிகழ்ச்சிகளில் வாசலில் பெயரையும் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்தால் பணமும் போச்சு, பாட்டும் போச்சு.

முதல் இரவுக்கு ஷிமோகிட்டாசாவா என்ற பகுதி சுலபம். ஷிபுயாவிலிருந்து இனோகஷிரா ரயிலில் சில நிமிடம். நிலையத்தைச் சுற்றி நடக்கும் தூரத்திலேயே பல லைவ் ஹவுஸ்கள். ஷின்ஜுகுவுக்கே போவதானால் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். ரயிலை விட்டவர் யார் என்று ஆள் பிடிக்கிறவருக்கு நடையிலேயே தெரிந்துவிடும்.