பூச்சி மாத்திரை எதை விட்டுவைக்கிறது?

வயிற்றில் பூச்சி என்றால் ஒரு மாத்திரை, அத்தோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மருந்துகளை ஒப்பிடுகிறவர்களும் எது எந்தப் புழுவைக் கொல்லும் என்றே பார்க்கிறார்கள். எது எதைக் கொல்லாமல் விடுகிறது என்று பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

முதலில் அல்பெண்டசோலும் மெபெண்டசோலும். இரண்டும் ஒரே குடும்பம், வேலை செய்யும் விதமும் ஒன்றே: புழு குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் செய்து பட்டினி போட்டுக் கொல்கின்றன. ஊரில் எல்லோருக்கும் மொத்தமாகக் கொடுக்கும்போது முன்னது 400 மில்லிகிராம், பின்னது 500, ஒரே வேளை. உருளைப்புழுவுக்கு எதை எடுத்தாலும் சரிதான். குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவுக்கு ஒரே வேளை மெபெண்டசோல் போதாது. அதனால் இரத்தசோகை உள்ள இடத்தில் நான் தயங்காமல் அல்பெண்டசோல் பக்கம் நிற்பேன். சாட்டைப்புழுவிடம் இரண்டுமே தோற்கின்றன. அது தன் மெல்லிய முன்பாதியைக் குடல் சுவருக்குள் தைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு மாத்திரைக்கு அசையாது. அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழுமருந்தும் சேர்த்தால் பலன் கூடுகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோல், மெபெண்டசோல் இரண்டையும் தவிர்ப்பது வழக்கம்.

கீரிப்பூச்சியின் கதை வேறு. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுகிறது. அரிக்கிறது, தூக்கத்திலேயே குழந்தை சொறிகிறது, முட்டை நகக்கண்ணில் ஏறுகிறது, விடிந்ததும் அதே விரல் வாய்க்குப் போகிறது. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, அதுவும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் என்று சொல்வது இதனால்தான். அந்த இரண்டாவது வேளையைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இங்கே நகவெட்டியும் பாதி மருந்து.

உருளைப்புழு விட்டுவைப்பது உடம்புக்கு வெளியே இருக்கிறது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். ஈரமண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாத்திரை குடலைச் சுத்தம் செய்தாலும் சில மாதங்களில் மண்ணிலிருந்து மறுபடி தொற்றிக்கொள்கிறது. கழிப்பறை இந்த வழியை அடைக்கும். ஆனால் அதைக் கட்டி, எல்லோரும் பயன்படுத்தி, பழைய முட்டைகள் மடிவதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள். ஆகவே மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. தொற்று 20 சதவீதத்தைத் தொட்ட இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறையும், 50 சதவீதத்தைத் தொட்டால் இரண்டு முறையும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஐவர்மெக்டினுக்குப் பெரும்புகழ் உண்டு. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. 2015இல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. கருப்பு ஈயின் கடியால் பரவிக் கண்ணைப் பறிக்கும் ஆங்கோசெர்கா புழுவுக்கு இதுவே முதன்மை மருந்து. ஆனால் இது கொல்வது குஞ்சுகளைத்தான். தோலடி முடிச்சுக்குள் வாழும் தாய்ப்புழு 10 முதல் 15 ஆண்டுகள் வரை இருக்கும். அது தானாகச் சாகும்வரை ஆண்டுதோறும் மருந்து கொடுத்தாக வேண்டும். யானைக்கால் நோய்க்கு நன்கு உதவும் டைஎதில்கார்பமசின் என்ற மருந்தை ஆங்கோசெர்கா உள்ளவர்களுக்குக் கொடுத்தால் கண் இன்னும் கெடலாம். அதனால் இரண்டு நோயும் சேர்ந்துள்ள பகுதிகளில் யானைக்காலுக்கும் ஐவர்மெக்டினையே அல்பெண்டசோலோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நன்னீர் நத்தை வழியே பரவும் சிஸ்டோசோமா என்ற இரத்தக்குழாய்ப் புழுவுக்குப் பிரசிகுவாண்டல் மருந்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே நாளில் முடிந்துவிடும். முதிர்ந்த புழு சாகிறது, இளம்புழு தப்பிக்கிறது, தண்ணீரில் நத்தையும் அப்படியே இருக்கிறது. ஜப்பான் நத்தையையே குறிவைத்தது. கோஃபு சமவெளியின் மண் வாய்க்கால்களுக்கு கான்கிரீட் பூசினார்கள். ஈரக்கரையில் ஊர்ந்து வாழும் நத்தைக்கு இடமில்லாமல் போனது. பிரசிகுவாண்டல் உருவான 1970களுக்குள் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. இதை அப்படியே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோக முடியாது. அங்குள்ள நத்தைகள் தண்ணீருக்குள்ளேயே வாழ்பவை, கான்கிரீட் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது.

கடைசியாக நரம்புச் சிலந்தி என்ற கினிப்புழு, குடிநீரில் உள்ள நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிர் வழியே உடம்புக்குள் போவது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. காலில் கொப்புளம் உடைத்துத் தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக இழுப்பார்கள். அறுந்தால் புண் சீழ்பிடித்துவிடும். ஒரு மீட்டர் வரை நீளும் புழு, வாரக்கணக்கில் வேலை. 1986இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் 2023இல் 14 பேருக்கு வந்து நின்றது. சாதித்தது துணி வடிகட்டியும், புண்காலோடு குளத்தில் இறங்காதே என்ற விடாப்பிடியான எச்சரிக்கையும், நீர்த்தெள்ளைக் கொல்லும் மருந்தும்தான். மாத்திரை கைவசம் இருந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

ஆனால் வடிகட்டியும் ஒன்றை விட்டுவைத்தது. மனிதனிடம் ஏறக்குறைய ஒழிந்த புழு சாட் நாட்டில் நாய்களிடம் ஏராளமாகத் தென்பட்டது. இப்போது அங்கே நாயைக் கட்டிப் போடச் சொல்கிறார்கள், நாய் தின்றுவிடாதபடி மீன் குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள்.